கவுன்ட்டர் அக்கா பதில்கள்

32 வருஷம் ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் இஷ்யூ கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தவள் நான். சேர்ந்த புதிதில் பிள்ளைகள் 'அக்கா' என்று கூப்பிட்டார்கள். நடுவில் 'ஆன்ட்டி' ஆனேன். கடைசி வருஷங்களில் 'மேடம்'. அக்காதான் எனக்குப் பிடித்தது என்பதால் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டேன். இந்த முறை வந்த கடிதங்கள் எல்லாம் நம்ம வடசென்னைப் பக்கம். நானும் பழைய வண்ணாரப்பேட்டைக்காரிதான், அதனால் கொஞ்சம் உரிமையாகவே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, இந்த வருஷம்தான் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. சேர்ந்தேன். எங்கள் வீட்டில் காலேஜ் படியேறிய முதல் ஆள் நான். நூலக வாசல் வரை போனேன். செக்யூரிட்டி, 'பேக் உள்ளே போகக் கூடாது, ஐ.டி. எங்கே?' என்று கேட்டதும் பயந்துபோய்த் திரும்பிவிட்டேன். உள்ளே என்னவெல்லாம் கேட்பார்கள்?
– மாணவி, கொருக்குப்பேட்டை

உன்னிடம் மட்டும் கேட்டதில்லை கண்ணு அது. பேராசிரியர் பையோடு வந்தாலும் அவர் அதையே சொல்ல வேண்டும். (சொல்கிறாரா என்பது வேறு கதை.)

வாசலை ஒட்டிப் பை வைக்கிற இடம் இருக்கும். பர்ஸ், போன், பேனா, நோட்டு இதையெல்லாம் கையில் எடுத்துக்கொண்டு பையைக் கொடு, டோக்கன் தருவார்கள். டோக்கனைத் தொலைத்துவிடாதே. தொலைத்தால், சாயங்காலம் பை உன்னுடையதுதான் என்று நிரூபிக்க உள்ளே இருக்கும் டிபன் பாக்ஸின் நிறம் வரை ஒப்பிக்க வேண்டும். அப்புறம் பதிவேட்டில் பெயர், துறை, வந்த நேரம், ஒரு கையெழுத்து. சில இடங்களில் ஐ.டி. கார்டை மிஷினில் காட்டினால் அதுவே பதிந்துகொள்ளும். உட்கார்ந்து படிக்க இதற்கு மேல் யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

வீட்டுக்கு எடுத்துப் போகத்தான் உறுப்பினர் படிவம். போட்டோ, ஐ.டி. கார்டு ஜெராக்ஸ், துறைத் தலைவர் கையெழுத்து, அவ்வளவுதான் பெரும்பாலும். எத்தனை புத்தகம், எத்தனை நாள் என்பது ஒவ்வொரு இடத்திலும் ஒரு மாதிரி. இன்னொன்றையும் கவனி: பல இடங்களில் வாசிப்பு அறை ராத்திரி வரை திறந்திருக்கும், ஆனால் இஷ்யூ கவுன்ட்டரைச் சாயங்காலமே மூடிவிடுவார்கள். கடைசி நிமிஷத்தில் மூச்சு வாங்க ஓடி வந்து நின்ற பிள்ளைகளை எத்தனையோ தடவை திருப்பி அனுப்பியிருக்கிறேன். மனசு கேட்காது, ஆனால் கம்ப்யூட்டரை மூடியாகிவிட்டது, என்ன செய்ய?

எம்.சி. ரோட்டில் புடவைக் கடைக்குப் போகிறோம். 40 புடவையைப் பிரித்துப் போடச் சொல்லிவிட்டு, 'பார்டர் சரியில்லை' என்று ஒன்றும் வாங்காமல் எழுந்து வருகிறோம். அங்கே நமக்குக் கூச்சமே கிடையாது. காசில்லாமல் கிடைக்கிற புத்தகத்தை ஒரு தடவை கேட்பதற்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. கவுன்ட்டரில் இருப்பவள் சிடுமூஞ்சியாகத் தெரிந்தாலும் கேள். நானே சிடுமூஞ்சிதான். கேட்டவர்களுக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன், கேட்காமல் தூணோரம் நின்றவர்களை நான் கவனித்ததே இல்லை. அதை நினைத்தால் இப்போது கஷ்டமாக இருக்கிறது.

நான் முதன்முதலில் ஒரு நூலகத்துக்குள் போனது 1979இல். கோவில் மாதிரி இருந்ததால் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுப் போனேன். யாரும் சிரிக்கவில்லை. வெளியே வந்தபோது செருப்புதான் இல்லை.

கேள்வி: நூலகக் கம்ப்யூட்டரில் புத்தகம் 'உள்ளது' என்று காட்டுகிறது. ரேக்கில் போய்ப் பார்த்தால் இல்லை. மூன்று நாளாக இதே கதை. கம்ப்யூட்டர் பொய் சொல்கிறதா?
– பொருளாதார மாணவர், தண்டையார்பேட்டை

கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அந்தப் புத்தகத்தை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. கட்டடத்துக்குள் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

முதலில் புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணைச் சரியாகப் படித்தீர்களா என்று பாருங்கள். நம் ஊர்க் கல்லூரிகள் பலவற்றில் டியூயி தசம முறைதான், அதாவது பாடத்துக்கு ஓர் எண் கொடுத்து அடுக்குவது. அதில் இந்தியப் பொருளாதாரத்துக்கு 330.954. 330.9 என்ற எண்ணைத் தேடுகிறவர்கள், 330.12க்கு முன்னால் அது இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். 9க்குப் பிறகுதானே 12 என்று கணக்கு. புள்ளிக்குப் பிறகு அப்படிப் படிக்கக் கூடாது. ஒவ்வோர் இலக்கமாகப் பார்க்க வேண்டும். 1 முதலில், 9 கடைசியில். அதனால் 330.12 முன்னால் வரும், 330.9உம் அதையடுத்து உங்கள் 330.954உம் நாலு தட்டு தள்ளிப் போய்விடும். எம்.ஃபில். படித்தவர்கள்கூட இந்த இடத்தில் இடறி விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். எண்ணுக்குக் கீழே இருக்கும் எழுத்துகள் ஆசிரியர் பெயரின் தொடக்கம். அதையும் சேர்த்தே குறித்துக்கொண்டு போங்கள்.

எண் சரி, இடமும் சரி, புத்தகம் மட்டும் இல்லையா? பக்கத்து மேஜைகளைப் பாருங்கள், யாராவது படித்துவிட்டு வைத்திருப்பார். திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கும் தள்ளுவண்டியைப் பாருங்கள். காலையில் வந்தது சாயங்காலம்தான் ரேக் ஏறும். பைண்டிங்குக்குப் போயிருக்கலாம். ரெஃபரன்ஸ் பிரிவில் தனியாக இருக்கலாம். இது எதுவும் இல்லை என்றால் ஒளித்துவைத்திருக்கிறார்கள்.

ஆமாம், ஒளித்துத்தான். செமஸ்டர் நெருங்கும்போது நல்ல புத்தகங்களுக்குக் கால் முளைக்கும். ஒருமுறை பொருளாதாரப் புத்தகம் ஒன்றின் நான்கு பிரதிகளும் காணாமல் போயின. வருடாந்திரக் கணக்கெடுப்பில் நான்கையும் சித்த மருத்துவ ரேக்கில், கடைசி வரிசைக்குப் பின்னால், சுவரோடு சாய்த்துவைத்த நிலையில் எடுத்தேன். ஒன்றுக்குள் கடலை மடித்த காகிதம் அடையாளமாக இருந்தது. அதனால், மூன்றாவது நாளும் கிடைக்கவில்லை என்றால் புத்தகத்தின் அக்சஷன் நம்பரை (ஒவ்வொரு பிரதிக்கும் நூலகம் தரும் தனி எண்) எழுதிக் கவுன்ட்டரில் கொடுங்கள். தேடித் தருவது எங்கள் வேலை. வேறொருவர் எடுத்துப் போயிருந்தால் உங்கள் பெயரில் ரிசர்வ் செய்யலாம், அந்த வசதியை நூறில் ஐந்து பேர்கூடக் கேட்டதில்லை என்று என் நினைப்பு.

சும்மா ஒரு தகவல். ரேக்குக்குப் போய் நம் கையாலேயே புத்தகம் எடுக்கும் வழக்கத்தைச் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் கொண்டுவந்தவர் எஸ்.ஆர். ரங்கநாதன். சீர்காழிக்காரர், மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியார். 1924இல் நூலகர் வேலைக்கு வந்த புதிதில் ஆள் அரவம் இல்லாத அந்த வேலை பிடிக்காமல், பழையபடி கல்லூரிக்கே அனுப்பிவிடுங்கள் என்று கேட்டவர். லண்டனுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தபிறகு ஆளே மாறிவிட்டார். அங்கே ஒரு கடையில் மெக்கானோ பொம்மைத் துண்டுகளை விதவிதமாகப் பொருத்திக் காட்டுவதைப் பார்த்துத்தான் புத்தகங்களை வகைப்படுத்த ஒரு புது முறையே அவருக்குத் தோன்றியது. 1933இல் அது கோலன் பகுப்பு முறையாக அச்சில் வந்தது. அவர் பிறந்தநாளாகக் கொண்டாடும் ஆகஸ்ட் 12தான் நம் நூலகர் தினம். எங்களுக்கு அன்று லீவு கிடையாது.

கேள்வி: நான் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். படிப்பு பத்தாவது. முதல் உலகப் போரில் ஜெர்மன்காரர்களின் எம்டன் கப்பல் சென்னை மேல் குண்டு போட்ட ராத்திரி பற்றி என் தாத்தா சொன்னதை எழுதிவைக்க ஆசை. அந்தக் காலத்துப் பேப்பரைப் பார்க்க வேண்டும். மாணவனாக இல்லாத என்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் விடுவார்களா?
– இராயபுரம் வாசகர்

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். 'அவன் சரியான எம்டன்' என்று என் மாமியார் சொல்லும்போதெல்லாம் அது கப்பல் பெயர் என்றே எனக்குத் தெரியாது.

வெளியாட்களைப் பல பல்கலைக்கழக நூலகங்கள் உள்ளே உட்கார்ந்து பார்க்க மட்டும் அனுமதிக்கும். கடன் கிடையாது. நூலகருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: யார், என்ன பார்க்க வேண்டும், எத்தனை நாள். கூடவே ஆதார் நகல். மாணவர் என்றால் கல்லூரி முதல்வர் கடிதம் கேட்பார்கள், உங்களிடம் 'எதற்கு?' என்று கேட்டால், எனக்கு எழுதியதையே சொல்லுங்கள். நான் வேலையில் இருந்திருந்தால் நாற்காலி போட்டு உட்காரவைத்திருப்பேன்.

ஆனால் உங்கள் தேவைக்கு வேறு வாசல்களும் உண்டு. எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. அரசாங்கப் பழைய காகிதங்கள் அங்கே. அதே எழும்பூரில் கன்னிமாரா, 1896இலிருந்து பொது நூலகம். பத்தாவது படித்தவரா என்று யாரும் கேட்க மாட்டார்கள். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி அங்கே போக வேண்டும். உங்கள் பேப்பர் அதற்கு ரொம்ப முந்தையது, அதனால் சட்டத்தை நம்பாமல் நேரில் கேளுங்கள். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், பழைய தமிழ் அச்சுக்குப் பேர்போனது.

போவதற்கு முன் தேதியைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். குண்டு விழுந்தது 1914 செப்டம்பர் 22, ராத்திரி. ராத்திரி நடந்தது அன்றைய பேப்பரில் வராதே! 23இலிருந்து ஒரு வாரத்துக்குக் கேளுங்கள். தமிழ்த் தினசரி என்றால் அப்போது சுதேசமித்திரன் வந்துகொண்டிருந்தது. மைக்ரோபிலிமில் (பழைய பக்கங்களைச் சின்னதாகப் படம்பிடித்த சுருள்) காட்டினால் கண்ணாடியை மறக்காதீர்கள், அந்த வெளிச்சத்தில் கண் சீக்கிரம் வலிக்கும். அசல் காகிதம் கையில் கிடைத்தால் எச்சில் தொட்டுப் புரட்டாதீர்கள். எழுத பென்சில்தான், பேனா விட மாட்டார்கள். தாத்தா சொன்னதும் பேப்பரில் இருப்பதும் ஒத்துப்போகவில்லை என்றால் இரண்டையும் எழுதுங்கள்.

கேள்வி: 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீரும் எண்ணெயுமாக வந்தது. பல்கலைக்கழக நூலகத்தில் எடுத்த புத்தகம் ஒன்று அதில் நனைந்து நாசமாகிவிட்டது. பயத்தில் சொல்லவே இல்லை. இப்போது சான்றிதழ் வாங்க 'நோ டியூஸ்' (நூலகத்தில் பாக்கி இல்லை என்ற சீட்டு) கேட்கிறார்கள். ஃபைன் எவ்வளவு வருமோ என்று தூக்கமே இல்லை.
– எர்ணாவூர் மாணவர்

தம்பி, அன்றைக்கே சொல்லியிருந்தால் இது ஒரு பக்கக் கடிதத்தோடு முடிந்திருக்கும். சரி, போனது போகட்டும்.

புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே? எந்த நிலையில் இருந்தாலும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போ. அந்த எண்ணெய் வாசனையே உனக்குச் சாட்சி. நூலகருக்குக் கடிதம் எழுது, வெள்ளம் வந்த தேதியையும் உன் தெருவையும் குறிப்பிடு, வீட்டுப் போட்டோ இருந்தால் இணை. வெள்ள நிவாரணப் பணம் வாங்கிய அத்தாட்சி இருந்தால் இன்னும் நல்லது. தொலைந்த, கெட்டுப்போன புத்தகத்துக்கு வழக்கமான வழி இரண்டு: அதே புத்தகத்தின் அதே பதிப்பையோ புதிய பதிப்பையோ வாங்கிக் கொடுப்பது, அல்லது விலையும் அதற்கு மேல் ஒரு தொகையும் கட்டுவது. முதல் வழிதான் உனக்கு லாபம். சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் கடைகளில் தேடு, பாதி விலைக்குக் கிடைக்கலாம். வாங்குவதற்கு முன் 'இந்தப் பதிப்பை ஏற்றுக்கொள்வீர்களா?' என்று கவுன்ட்டரில் கேட்டுவிட்டு வாங்கு. தாமதக் கட்டணத்தைக் குறைக்கவோ தள்ளுபடி செய்யவோ பல இடங்களில் நூலகருக்கோ நூலகக் குழுவுக்கோ அதிகாரம் உண்டு, அதைக் கடிதத்திலேயே கேட்டுவிடு. கேட்காமல் யாரும் தள்ளுபடி செய்ய மாட்டார்கள்.

அடுத்த மழைக்கு எல்லாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். நனைந்த புத்தகத்தை வெயிலில் போடாதீர்கள், அப்பளமாகச் சுருண்டுவிடும். ஒட்டிக்கொண்ட தாள்களைப் பிரிக்காதீர்கள். கொஞ்சமாக நனைந்தது என்றால் நிற்கவைத்து, விசிறிக்காற்று படும்படி வைத்து, இடையிடையே வெள்ளைத் தாளைச் செருகி மாற்றிக்கொண்டே இருங்கள். சொட்டச் சொட்ட நனைந்தது என்றால் பிளாஸ்டிக் கவரில் கட்டி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். பூஞ்சை பிடிக்காது, அப்புறம் நிதானமாகக் காயவைக்கலாம். என் வீட்டு ஃப்ரீசரில் வஞ்சிரத்துக்குப் பக்கத்தில் ஓர் அகராதி பத்து நாள் இருந்தது. அகராதி பிழைத்தது, லேசாக மீன் வாசனையோடு.

கேள்வி: முழுப் புத்தகத்தையும் ஜெராக்ஸ் எடுக்க விடமாட்டேன் என்கிறார்கள். ஏன் இந்தக் கெடுபிடி?
– வாசகர், மூலக்கடை

சட்டம் பாதி, முதுகெலும்பு பாதி. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, சொந்தப் படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் நியாயமான அளவு நகலெடுப்பதை அனுமதிக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழக வளாக ஜெராக்ஸ் கடை வழக்கில் 2016இல் உயர் நீதிமன்றமும் மாணவர் பக்கமே நின்றது. அத்தியாயம் ஒன்றிரண்டு என்றால் எங்களுக்குப் பிரச்சினை இல்லை. முழுப் புத்தகத்தையும் மிஷினில் கவிழ்த்து அழுத்தினால் பைண்டிங் பிளந்துவிடும். அப்புறம் அது புத்தகம் இல்லை, காகிதக் கட்டு.

கேள்வி: டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறேன். ஒற்றை அறை வீடு, ஆறு பேர், டி.வி. வேறு. பல்கலைக்கழக நூலகத்தில் சொந்தப் புத்தகத்தோடு போய் உட்கார முடியுமா?
– வியாசர்பாடி வாசகர்

அங்கே மாணவராக இருந்தாலே சொந்தப் புத்தகத்துக்குத் தனி அறை பார்த்துத்தான் உட்கார வேண்டும். வெளியாள் என்றால் கஷ்டம். அதற்கு மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்காதீர்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் படிப்பதற்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். தூரம்தான். அண்ணா சாலையில் தேவநேயப் பாவாணர் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. உங்களுக்குப் பக்கம் என்றால் கொளத்தூரில் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகம், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு அங்கே இடம் உண்டு. எங்கே போனாலும் காலையில் கதவு திறக்கும்போதே நில்லுங்கள். மின்விசிறிக்குக் கீழே உள்ள நாற்காலிகளெல்லாம் முதல் பத்து நிமிஷத்தில் போய்விடும்.

கேள்வி: பிஎச்.டி. செய்கிறேன். ஒரு கட்டுரையைத் திறக்க 40 டாலர் கேட்கிறது இணையதளம். என் உதவித்தொகைக்குக் கட்டுப்படியாகுமா?
– ஆய்வாளர், பெரம்பூர்

ஒரு பைசா கட்டாதீர்கள். உங்களுடையது அரசுப் பல்கலைக்கழகம் என்றால், 2025 ஜனவரியிலிருந்து 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்கள் ஏற்கெனவே உங்களுக்குத் திறந்திருக்கலாம். வளாக வைஃபையில் பாருங்கள். வீட்டிலிருந்து பார்க்க லாகின் வேண்டும், நூலகத்தின் மின்வளப் பிரிவில் கேட்டால் உருவாக்கித் தருவார்கள். அதிலும் இல்லை என்றால் நூலகங்களுக்கு இடையிலான கடன் வழியாக வரவழைக்கச் சொல்லுங்கள். கட்டுரை எழுதியவருக்கே ஒரு மெயில் தட்டுங்கள், பெரும்பாலும் சந்தோஷமாக அனுப்புவார்கள். பிறருடைய ஆய்வேடு வேண்டும் என்றால் சோத்கங்கா தளம், இலவசம். உங்கள் ஆய்வேடு பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று ஒப்பீட்டு மென்பொருளில் சரிபார்ப்பதும் நூலகத்தின் வேலைதான், 2018 யு.ஜி.சி. விதிப்படி 10 சதவீத ஒற்றுமை வரை தண்டனை இல்லை. கடைசி வாரத்தில் வந்து நிற்காதீர்கள், அப்போது உங்களைப் போல் இருபது பேர் வரிசையில் இருப்பார்கள்.

கேள்வி: நூலகத்தில் தூங்கலாமா?
– வாசகர், தங்கசாலை

குறட்டை விடாத வரை நான் யாரையும் எழுப்பியதில்லை.

கேள்வி: என் பையன் நூலகத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ராத்திரி எட்டு மணிக்குத்தான் வீடு திரும்புகிறான். நிஜமாகவே அங்கேதான் இருக்கிறானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– ஒரு தாய், காசிமேடு

கவுன்ட்டரில் போய்ப் பையன் பெயரைச் சொல்லி 'வந்தானா, என்ன புத்தகம் எடுத்தான்?' என்று மட்டும் கேட்காதீர்கள் அம்மா. சொல்ல மாட்டோம். யார் என்ன படிக்கிறார்கள் என்பது அவர்கள் சொந்த விஷயம், பெற்றவர்களுக்கும் அதே பதில்தான். ஒருமுறை ஒரு அப்பா என்னிடம் சண்டையே போட்டார். அன்றைக்கு அவர் மகள் எனக்குப் பத்தடி தள்ளி, ரேக்குக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து கால் மரத்துப்போகப் படித்துக்கொண்டிருந்தாள். நான் வாயே திறக்கவில்லை.

ஒன்று செய்யுங்கள். ஒரு நாள் சாயங்காலம் சோறு கட்டி எடுத்துக்கொண்டு நீங்களே போங்கள். வாசலில் நின்று அவனுக்குப் போன் போடுங்கள். உள்ளே சாப்பாடு கூடாது, ஆனால் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிடுவதை யாரும் தடுக்க மாட்டார்கள். வறுத்த மீன் என்றால் கை துடைக்க ஒரு துணியும் எடுத்துப் போங்கள். சாப்பிட்டு முடித்தவுடன் அப்படியே உள்ளே போய்ப் புத்தகத்தைத் தொட்டுவிடப் போகிறான்.